கோயிலுக்குப் போற வழியிலே பூநாரை
யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்கப் போவது எப்படி?



யாழ்ப்பாணம் போவதென்றால் நல்லூர், நயினாதீவு, செல்வச்சந்நிதி என்று கோயில்களைத்தான் நாம் கணக்குப் போடுவோம். வேன் கடலுக்கு நடுவே போட்ட பாதையில் போகும்போது, "அந்தா, வெள்ளையா கொக்கு நிக்குது" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் காட்சி அது. அதே பயணத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் நாமும் அதைப் பார்க்கலாம். அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

"கொக்கைப் பார்க்கவா காசு செலவழிக்கிறது?"

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் நம் லயத்து வாசலைப் பார்க்கட்டும். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஓடைக் கரையில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் வாலாட்டிக் குருவி, வடக்கே ஆசியாவின் மலைகளிலிருந்து வந்த விருந்தாளி. விடியும்போதும் இருட்டும்போதும் கூவும் ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து வருகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு சின்ன ஈப்பிடிப்பான் குருவி, காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது. அதைப் பார்க்க மட்டுமே நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் உண்டு.

ஆகவே பறவை பார்ப்பது நமக்குப் புதிது அல்ல. கொழுந்து எடுக்கும் கைக்கு எது பதம், எது முற்றல் என்று தெரிகிறதல்லவா? அந்தக் கூர்மையான கண்தான் இதற்கும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மலைநாட்டில் காடு, ஓடை, குளிர். யாழ்ப்பாணத்தில் பனை, வெயில், ஆழமில்லாத உப்புநீர். குடாநாட்டுக்குள் தொண்டைமானாறு போன்ற நீரேரிகள் நீண்டு கிடக்கின்றன. பல இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுதான். மாரிமழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்ற சேற்றுத்தரை வெளியே தெரியும். அந்தச் சேற்றில் புழு, நத்தை, சின்ன இறால் எல்லாம் நிறைந்திருக்கும். அதுதான் பறவைகளின் சாப்பாட்டு மேசை.

சைபீரியா வரையுள்ள வடக்கு நாடுகளில் உறைபனி விழும்போது, பறவைகள் இந்தியாவைத் தாண்டி இங்கே வருகின்றன. இலங்கைக்குத் தெற்கே அண்டார்க்டிக்கா வரைக்கும் பெருங்கடல்தான். அவற்றின் பாதையில் நம் தீவு கடைசித் தரிப்பிடம். 2021இல் மன்னாரில் சில கடற்காகங்களுக்குச் சின்னக் கருவி பொருத்தி, அவை போகும் வழியைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அவை வட துருவத்தை ஒட்டிய ரஷ்யக் கரைவரை போனது தெரியவந்தது.

எல்லோரும் தேடும் பறவை பூநாரை. ஏறக்குறைய நாலரை அடி உயரம், நீண்ட கால், வளைந்த அலகு. தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, அரிசி அரிப்பதுபோல அரித்துச் சாப்பிடும். உணவிலுள்ள பாசியும் சின்ன இறால்களுமே அதற்கு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கின்றன. இளம் பறவை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். பூநாரை இலங்கையில் குஞ்சு பொரிப்பதில்லை. இங்கே வருபவை இந்தியாவின் குஜராத்திலுள்ள கட்ச் உப்புவெளியிலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது.

இன்னும் பாருங்கள்: கூழைக்கடா, கரண்டிபோன்ற அலகுள்ள கரண்டிவாயன், சிவப்புக் காலுள்ள பவளக்காலி, கூட்டங்கூட்டமாக ஊசிவால் வாத்துகள், கடலின் மேல் நின்று குத்திட்டுப் பாயும் ஆலாக்கள். பனந்தோப்புகளில் பனை உழவாரன் பறக்கும். நம் மலைகளில் காணக் கிடைக்காத கௌதாரியும் அங்கே உண்டு. அலகைக் கவனிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நீண்ட அலகு ஆழச் சேற்றுக்கு, குட்டை அலகு மேல்மண்ணுக்கு. ஒரே இடத்தில் பத்து இனம் சண்டையில்லாமல் சாப்பிடுவது அதனால்தான்.

எப்போது போவது?

இதில்தான் பலருக்கும் ஏமாற்றம் வரும். நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில். நயினாதீவுத் திருவிழா ஆனியில். அந்த நேரம் விருந்தாளிப் பறவைகளில் பெரும்பாலானவை தங்கள் ஊருக்குப் போயிருக்கும். கார்த்திகை, மார்கழியில் பறவை வந்துவிடும், ஆனால் அங்கே மழையும் கொட்டும். தைப்பொங்கலுக்குப் பிறகு பங்குனி வரைதான் நல்ல காலம். அட்டன், தலவாக்கலைப் பக்கம் வறட்சியில் கொழுந்து குறையும் மாதங்களும் இவையே. மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போகிறவர்களுக்கு இது இன்னும் வசதி. பக்கத்திலேயே வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போய்விடலாம்.

எங்கே பார்ப்பது?

1. பண்ணைப் பாலம்: யாழ்ப்பாண நகரில் கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகும் பாதை இதுதான். நயினாதீவுக்குப் படகேற எப்படியும் இதில்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள்.

2. வல்லைவெளியும் தொண்டைமானாறும்: பருத்தித்துறை வீதியில் வல்லைப் பாலம். அதைப் பார்த்துவிட்டுச் செல்வச்சந்நிதி முருகனையும் கும்பிடலாம்.

3. பொன்னாலைப் பாலம்: காரைநகர் போகும் வழி.

4. ஆனையிறவு: ஏ-9 வீதியின் இரண்டு பக்கமும் நீரேரி.

5. சுண்டிக்குளம்: 1938இலேயே பறவைச் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவானது. தூரம் அதிகம். தனி வாகனமும், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் வேண்டும்.

பூநாரைகள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து இடம் மாறும். ஆகவே போன இடத்தில் மீன்பிடிக்கும் அண்ணன்மாரிடம் கேளுங்கள். "இந்தக் கிழமை எங்க நிக்குது?" என்றால் சொல்லிவிடுவார்கள்.

செலவும் ஏற்பாடும்

* தனியாகப் போவதைவிட நாலைந்து குடும்பம் சேர்ந்து போவது நல்லது. பயணத்துக்கென்றே ஆறு மாதத்துக்கு ஒரு சீட்டுப் பிடித்தால் கடன் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற நகையை அடகு வைத்து எந்தப் பயணமும் வேண்டாம்.

* ரயிலில் போவதானால் மலைநாட்டுப் பாதையும் வடக்குப் பாதையும் பொல்கஹவெலயில் சேர்கின்றன. யுத்தத்தால் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. மழை, மண்சரிவினால் நேரம் மாறலாம். புறப்படுமுன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

* 1977, 1983 கலவரங்களின்போது நம் சொந்தங்கள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அங்கே உறவு இருந்தால் தங்குமிடச் செலவு மிச்சம். பேரப்பிள்ளைகளும் தங்கள் சொந்தங்களைக் கண்டுகொள்வார்கள்.

* விடியற்காலை ஆறு முதல் ஒன்பது வரை, பிறகு மாலை நாலுக்குப் பின். நடுப்பகல் வெயில் நமக்குப் பழக்கமில்லாதது. தொப்பி, குடிதண்ணீர், ஜீவனிப் பக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலைப் பார்த்து நில்லாமல், முதுகில் வெயில் படும்படி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும்.

* தொலைநோக்கி ஒன்று இருந்தால் பத்துப் பேருக்குப் போதும். 8×40 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் அகலம் என்று அர்த்தம். பழகுகிறவர்களுக்கு அதுவே நல்லது. இல்லையென்றாலும் பரவாயில்லை; பூநாரைக் கூட்டத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

கண்ணிவெடி அபாயப் பலகை இருக்கும் இடத்தில் ஓரடிகூட உள்ளே வைக்க வேண்டாம். யுத்தம் நடந்த மண் அது. பற்றைக்குள் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். படை முகாம்களைப் படம் எடுக்காதீர்கள்.

பறவை பறப்பதைப் பார்க்கவேண்டும் என்று கல் எறிவதோ, கை தட்டுவதோ கூடாது. ஆயிரக்கணக்கான மைல் திரும்பிப் போவதற்காக அது உடம்பில் கொழுப்புச் சேர்க்கிறது. நாம் ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. நாம் சீட்டுக் காசை உடைத்த மாதிரிதான். பொலித்தீன் பைகளைத் தண்ணீரில் போடாதீர்கள்.

இடம் கெட்டால் பறவை வராது என்பதற்குத் தெற்கே புந்தல சாட்சி. ஒருகாலத்தில் பூநாரைக்குப் பேர்போன இடம் அது. வயல்களிலிருந்து நன்னீர் வந்து சேர்ந்து, அங்கே நீரேரிகளின் உப்புத்தன்மை குறைந்தது. 2000களின் தொடக்கத்துக்குப் பிறகு பூநாரைகள் அங்கே வருவது அற்றுப்போனது. அழகான தண்ணீர்தானே என்று நமக்குத் தோன்றலாம், பூநாரைக்கு அது பட்டினி.

இன்றைக்கே தொடங்கலாம்

பயணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளிடம் ஒரு பழைய கொப்பியைக் கொடுங்கள். தேதி, இடம், பறவையின் நிறம், அலகு, என்ன செய்தது என்று எழுதட்டும். பேர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். நம் தோட்டத்திலேயே இருபது வகை எழுதிவிட்ட பிள்ளை, பண்ணைப் பாலத்தில் தூங்காது. நன்றாகப் பழகினால் நாளைக்கு வழிகாட்டி வேலைக்கும் இது உதவும்.

இத்தனை காலம் நம் மலைகளைப் பார்க்க ஊரெல்லாம் வந்தார்கள். கொழுந்துக்கூடையோடு நிற்கும் நம் பெண்களைப் படம் பிடித்துப் போனார்கள். நாமும் ஊர் பார்க்கப் போவோம். அடுத்த தை மாதத்துக்கு இப்போதே சீட்டைத் தொடங்குங்கள்.