ஹெண்டன் கற்றுத்தந்த ஓட்டும் முறை

லண்டன் பெருநகரக் காவல்துறை தன் ஓட்டுநர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கத் தொடங்கியது 1930களின் நடுவில். ஆணையர் ட்ரெஞ்சர்டு பிரபு 1934இல் நகரின் வடபுறமுள்ள ஹெண்டனில் காவலர் கல்லூரியை நிறுவினார். ஓட்டுநர் பள்ளியும் அங்கேயே அமைந்தது. கார்ப் பந்தயங்களில் ஓட்டிய காட்டன்ஹாம் பிரபு ஆலோசகராக வந்து பாடமுறைக்கு உருவம் கொடுத்தார். அது 1955இல் 'ரோட்கிராஃப்ட்' என்ற நூலாகப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. புதிய பதிப்புகள் கண்ட அந்நூல்தான் பிரிட்டன் காவல் ஓட்டுநர்களின் பாடநூல்.

பந்தயக்காரர் வகுத்த பாடம் என்றாலும், அது முதலில் பழக்குவது கண்ணைத்தான். இன்றைய வடிவில் அதற்கு ஐந்து படிகள்: தகவல், சாலையில் வண்டியின் இடம், வேகம், கியர், முடுக்கம். தகவல் திரட்டுவது மற்ற நான்கு படிகளின்போதும் ஓயாது நடக்கும். அதைச் சோதிக்க, ஓட்டும்போதே கண்ணில் படுவதையெல்லாம் உரக்கச் சொல்லிவரும்படி பயிற்றுநர் கேட்பார். "நின்றிருக்கும் பேருந்து, அடியில் கால்கள் தெரிகின்றன, யாரோ குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்" என்று பேச்சு ஓடவேண்டும். பேச்சு நின்றால் கவனம் எங்கோ போய்விட்டது என்று பயிற்றுநருக்குத் தெரிந்துவிடும்.

வளைவுக்கான உத்தி மிக அழகானது. சாலையின் இரு விளிம்புகளும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளியைக் கவனிக்கவேண்டும். அது நெருங்கி வந்தால் வேகம் அதிகம். ஒரே தொலைவில் நின்றால் வேகம் சரி. விலகிப்போனால் வளைவு முடிகிறது, முடுக்கலாம். கண்ணுக்குத் தெரியும் வெற்றுச் சாலைக்குள் வண்டியை நிறுத்த முடியவேண்டும் என்பது மீறக்கூடாத விதி. பிரிட்டன் சாலை விதிநூலின்படி மணிக்கு 30 மைல் வேகத்தில் நிற்க 23 மீட்டர் தேவை. 60 மைலில் 73 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காவதே காரணம்.

வழுக்கும் தளத்தில் சறுக்கலைச் சமாளிப்பதும் கற்பிக்கப்பட்டது. தப்பியோடும் வண்டியைத் துரத்துவது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. சைரன் ஒலித்துச் செல்பவர் சிவப்பு விளக்கைக் கடக்கலாம். ஆனால் வழிவிடவேண்டிய சந்திப்பாகவே அதைக் கருதவேண்டும்.

முன்பு, விபத்து வழக்குகளில் காவல் ஓட்டுநரையும் சாதாரண ஓட்டுநரோடு ஒப்பிட்டே சட்டம் எடைபோட்டது. 2022 நவம்பர் இறுதியிலிருந்து, உரிய பயிற்சி முடித்துப் பணியில் ஓட்டியவரை, அதே பயிற்சி பெற்ற கவனமான காவல் ஓட்டுநரோடு ஒப்பிடுகிறார்கள்.