ராத்திரி 2 மணிக்கு வர்ற போன்: அப்பா அம்மாவுக்காக நாம இன்னும் எழுதாத ஒரு பேப்பர்

டெர்ம் இன்சூரன்ஸ், நாமினின்னு நம்ம சேனல்ல நிறைய பேசிட்டோம். இன்னைக்கு எல்லாரும் தள்ளிப்போடுற விஷயம்.

இப்படி வச்சுக்கோங்க. உங்களுக்குச் சென்னையில வேலை. குணமாகாத நுரையீரல் நோயோட அப்பா கொடைக்கானல்ல ஒரு முதியோர் இல்லத்துல இருக்காரு. ராத்திரி 2 மணிக்கு நிலைமை மோசம். பெரிய ஆஸ்பத்திரின்னா மலை இறங்கி மதுரைக்கு, சுமார் 120 கிலோமீட்டர். "சார், கூட்டிட்டுப் போகவா? வென்டிலேட்டர் வேணுமா?"னு போன் வருது. அப்பாவுக்கு என்ன விருப்பம்னு நாம கேட்டதே இல்ல. பயத்துல "எல்லாம் பண்ணுங்க"ன்னு சொல்லிடுவோம்.

இதுக்குத்தான் 'லிவிங் வில்'. 2018 மார்ச் 9-ல் சுப்ரீம் கோர்ட் இதை அங்கீகரிச்சது. அப்போ மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் விதியை எளிதாக்கிட்டாங்க: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். 18 வயசு முடிஞ்ச, தெளிவான மனநிலையில இருக்குற யாரும் எழுதலாம், பிறகு மாத்தலாம். தனக்காக முடிவைச் சொல்லப்போறது யாருன்னும் அதுல எழுதணும்.

இது சொத்து உயில் இல்ல. குணமாகக்கூடிய நோய்க்குச் சிகிச்சையை இது தடுக்காது. குணமாக வழியில்ல, அவரால பேசவும் முடியலங்கிற நிலையில மட்டும்தான் பயன்படும். அப்பவும் இரண்டு மருத்துவக் குழுக்கள் சம்மதிக்கணும்.

ஆனா பேப்பர் பீரோவுல இருந்தா பிரயோஜனம் இல்ல. அந்த ராத்திரி அப்பா பக்கத்துல இருக்கப்போறது டியூட்டி ஸ்டாஃப். அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். திருவனந்தபுரத்தில் உள்ள 'பாலியம் இந்தியா' நோய் ஆதரவு சிகிச்சைக்கு ஆன்லைன் பயிற்சி தர்றாங்க. மலை மேல இருக்குற இல்லத்துக்கு இது வரப்பிரசாதம். இடம் பார்க்கும்போது ரூம் வாடகையோட சேர்த்து, "உங்க ஸ்டாஃப் இந்த மாதிரி பயிற்சி எடுத்திருக்காங்களா?"ன்னும் கேளுங்க.

பண விஷயத்துல ஒண்ணு: அப்பா உயிரோட இருக்கும்போது நாமினியால அவர் கணக்குல கை வைக்க முடியாது. மருத்துவச் செலவுக்காக ஒரு கணக்காவது 'ஐதர் ஆர் சர்வைவர்' ஜாயின்ட் கணக்கா இருக்கட்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, "உங்களுக்கு எப்படி இருந்தா நிம்மதிப்பா?"ன்னு மெதுவா கேளுங்க. அவர் சொல்றதைக் குறுக்கே பேசாம கேட்டுக்கோங்க. நோட்டரிகிட்ட அப்புறம் போகலாம்.