இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து கணினி அறிவியலுக்கு

கலிபோர்னியாவில் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை இரண்டு பாதியாகப் படிக்க வழி உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் ஊரிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில், அடுத்த இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில். கையில் கிடைப்பது பல்கலைக்கழகத்தின் பட்டம். நேராகச் சேர்ந்தவருக்கும் இடையில் வந்து சேர்ந்தவருக்கும் அதில் வேறுபாடு கிடையாது. உயர்நிலைப் பள்ளிகளே மேல் வகுப்புகளை நடத்தலாம் என்று 1907இல் மாநிலம் சட்டம் செய்தது. அதன்படி 1910இல் ஃபிரெஸ்னோவில் முதல் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. இந்த ஏற்பாட்டுக்கு நிலையான வடிவம் கொடுத்தது 1960இல் வந்த உயர்கல்விப் பெருந்திட்டம். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், மேல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி கல்லூரி, அங்கிருந்து மேலே ஏற ஒரு படி என்பது அதன் சாரம். முதலாவதை யூ.சி. என்றும் இரண்டாவதைக் கால் ஸ்டேட் என்றும் மக்கள் சுருக்கமாகச் சொல்வார்கள்.

இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் உள்ளன. மாநிலவாசிக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகும். முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூ.சி.யில் ஓராண்டுக் கல்விக் கட்டணமே இதைப் போலப் பல மடங்கு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கூப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரியும் ஃப்ரீமான்டின் ஓலோனி கல்லூரியும் பழகிய பெயர்களாக இருப்பது வியப்பில்லை.

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அங்கே டிப்ளமோவின் மதிப்பெண்ணும் கலந்தாய்வும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இங்கே மாணவர் எந்தெந்தப் பாடங்களைப் படித்தார், அவை சேரவிருக்கும் துறையின் பாடங்களுக்கு ஈடானவையா என்பதே முதல் கேள்வி. டிப்ளமோவுக்கு இணையான இரண்டாண்டுப் பட்டம் யூ.சி.யில் சேரக் கட்டாயமே இல்லை.

யூ.சி. மாறுதலுக்குப் பொதுத் தகுதி கடினமானதல்ல: 60 செமஸ்டர் யூனிட், மாநிலவாசிக்கு 2.4, வெளியாருக்கு 2.8 ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரி; ஆங்கில எழுத்துப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, பிற துறைகளிலிருந்து நான்கு என ஏழு பாடங்கள். வரலாறோ சமூகவியலோ படிக்க வருபவருக்கு இந்த எண்கள் ஓரளவு வழி காட்டும். கணினி அறிவியலுக்கு வருபவரை இவை ஏமாற்றிவிடும். இந்தத் துறையில் இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் ஏராளம். பொதுத் தகுதி மட்டும் பெற்றவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். துறை கேட்கும் முன்பாடங்கள் அனைத்தையும் முடித்து, அவற்றில் பெரும்பாலும் ஏ பெற்றவர்களோடுதான் போட்டி. ஆகவே திட்டத்தைச் சேரவிரும்பும் துறையின் பட்டியலிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கல்லூரியில் எந்த வகுப்பில் இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துச் சேர்ந்து, பிறகு எங்கே பொருந்தும் என்று தேடுபவருக்கு ஓராண்டு வீணாகும்.

அந்தப் பட்டியல் கிடைக்கும் இடம் அசிஸ்ட் என்னும் மாநிலத் தகவல் தளம். கம்யூனிட்டி கல்லூரி, பல்கலைக்கழகம், கல்வியாண்டு, துறை ஆகியவற்றைக் கொடுத்தால், இந்தக் கல்லூரியின் இன்ன பாடம் அந்த வளாகத்தின் இன்ன பாடத்துக்கு ஈடு என்று வரிக்கு வரி காட்டும். சில வரிகளில் ஈடான பாடமே இல்லை என்ற குறிப்பு இருக்கும். அனுபவமுள்ள கவுன்சலர்கள் முதலில் பார்ப்பது அந்த வரிகளைத்தான். தனிநிலைக் கணிதமும் அசெம்பிளி மொழி சார்ந்த கணினி அமைப்புப் பாடமும் சிறிய கல்லூரிகள் பலவற்றில் இருக்காது, இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அப்போது பக்கத்துக் கல்லூரியிலோ வேறொரு மாவட்டத்தின் இணையவழி வகுப்பிலோ அந்த ஒரு பாடத்தை மட்டும் படிக்கலாம். விதி அதற்குத் தாராளமாக இடம் தருகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் அசிஸ்டில் வராது. அவற்றின் பொருத்தங்களைத் தனியே கேட்டறிய வேண்டும்.

பட்டியல்கள் வளாகத்துக்கு வளாகம் வேறுபடுகின்றன, நிரல்மொழியில்கூட. யூ.சி. வளாகங்களில், லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் தொடக்கப் பாடங்கள் சி++ மொழியில் அமைந்தவை. இர்வைன் பைத்தானில் தொடங்குகிறது. பெர்க்லியில் முதல் பாடம் பைத்தான், அடுத்து வரும் தரவுக் கட்டமைப்புப் பாடம் ஜாவா. எனவே இரண்டு மூன்று வளாகங்களைக் குறிவைப்பவர் அவற்றின் பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றை முதலில் முடிப்பதே சிக்கனம். அந்தப் பொதுப் பகுதி ஏறக்குறைய இதுதான்: நுண்கணிதத்தின் இரண்டு பருவங்கள், பல மாறிகள் கொண்ட நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், தனிநிலைக் கணிதம், நிரலாக்கம் இரண்டு பருவங்கள், தரவுக் கட்டமைப்புகள். பொறியியல் கல்லூரிக்குள் அமைந்த துறைகள் இவற்றோடு நுண்கணித அடிப்படையிலான இயற்பியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கேட்கும்.

இந்தப் பட்டியலில் நேரம் தின்பது கணிதம். நிரலாக்க வகுப்பில்தான் சிக்கல் வரும் என்று புதிதாகச் சேர்பவர்கள் நினைக்கிறார்கள். கால அட்டவணையைப் பிடித்து நிறுத்துவது நுண்கணிதச் சங்கிலி. முதல் நுண்கணிதம் முடியாமல் இரண்டாவதில் சேர முடியாது. இரண்டாவது முடியாமல் மூன்றாவதும் நேரியல் இயற்கணிதமும் கிடைக்காது. இயற்பியலின் இயக்கவியல் பாடத்துக்கு முதல் நுண்கணிதம் தேவை, மின்காந்தவியலுக்கு அந்த இயக்கவியல் தேவை. செமஸ்டர் முறையில் இரண்டு ஆண்டுக்கு நான்கே பருவங்கள். முதல் பருவத்திலேயே நுண்கணிதத்தில் சேர்ந்தால்தான் எல்லாம் அடங்கும். ஒரு பருவம் பின்தங்கித் தொடங்கினால் கோடை வகுப்பு தவிர்க்க முடியாதது. பள்ளியில் ஏ.பி. என்னும் கல்லூரித் தர நுண்கணிதத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவருக்கு இங்கே ஒரு பருவமோ இரண்டோ மிச்சமாகும். கணிதத்தில் பின்தங்கியவர்களை அடிப்படை வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் தேக்கிவைக்கும் பழைய வழக்கத்துக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் முடிவு கட்டின. அறிவியல், பொறியியல் மாணவர்களை நேராக நுண்கணிதத்தில் அமர்த்திக் கூடுதல் உதவி தருவதே இப்போதைய போக்கு. நன்மைதான், ஆனால் அடித்தளம் ஆட்டம் காணும் மாணவர் முதல் பருவத்திலேயே சி வாங்கும் அபாயமும் அதோடு வருகிறது. கோடையில் சொந்தமாகத் தயார்செய்துகொண்டு வருவது அவருக்கு நல்லது.

அடுத்த இடைஞ்சல் பொதுக்கல்விப் பாடங்கள். ஆங்கிலம், மேடைப்பேச்சு, கலை, சமூக அறிவியல், அறிவியல் என 11 பாடங்கள், 34 யூனிட் கொண்ட கால்-ஜெட்சி என்னும் தொகுப்பு 2025 இலையுதிர் பருவம் முதல் யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்தது. அதை முடித்தால் இரண்டிலும் கீழ்நிலைப் பொதுக்கல்வி முடிந்ததாகக் கொள்வர். மற்ற துறையினருக்கு இது வசதி. கணினி மாணவருக்குக் கணக்கு உதைக்கிறது. கணிதம், நிரலாக்கம், இயற்பியல் சேர்ந்தே 45 யூனிட்டைத் தொட்டுவிடும். அவற்றில் கணிதமும் இயற்பியலும் பொதுத் தொகுப்பிலும் கணக்கில் வந்தாலும், மீதியுள்ளவற்றைச் சேர்த்தால் மொத்தம் 70 யூனிட்டைத் தாண்டும். இரண்டும் மோதினால் துறையின் முன்பாடத்துக்கே முதலிடம் தர வேண்டும். பொறியியல் துறைகள் பலவும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. விட்டுப்போன கலைப் பாடத்தைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் படிக்கலாம், விட்டுப்போன தரவுக் கட்டமைப்பு சேர்க்கையையே கெடுக்கும். யூ.சி.யின் ஏழு பாடங்களையும் கால் ஸ்டேட் கேட்கும் எழுத்து, பேச்சு, தருக்கச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கையும் மட்டும் எந்த நிலையிலும் விடக்கூடாது.

இரண்டு ஆண்டு என்று சொன்னாலும், விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் படுவது அதைவிடக் குறைவு. 2026 இலையுதிர் பருவத்தில் கம்யூனிட்டி கல்லூரியில் சேர்பவர் 2028 இலையுதிர் பருவத்தில் பல்கலைக்கழகம் போவதாக வைத்துக்கொண்டால், விண்ணப்பம் அனுப்புவது 2027 அக்டோபர், நவம்பர் மாதங்களில். அப்போது முடிந்திருப்பவை முதலாண்டின் இரண்டு பருவங்களும் கோடையும் மட்டுமே. நடப்புப் பருவத்தின் மதிப்பெண்களை ஜனவரியில் புதுப்பித்துத் தரலாம். கடைசி வசந்தப் பருவத்தில் படிக்கப்போகும் பாடங்கள் திட்டம் என்ற அளவிலேயே கணக்கில் வரும். கல்லூரி வாழ்க்கை எப்படி என்று பார்த்துவிட்டுப் பிறகு முனைப்போடு படிக்கலாம் என்று முதல் பருவத்தை மெத்தனமாகக் கழிப்பவர், தன் விண்ணப்பத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கெடுத்துக்கொள்கிறார். கடினமான பாடங்களை எல்லாம் கடைசிப் பருவத்துக்குத் தள்ளுவதும் அவ்வளவே தவறு, அந்த மதிப்பெண்கள் தேர்வுக்குழுவுக்கு உதவாது.

யூ.சி. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு நான்கு சிறு விடைகள் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். அவற்றில் ஒன்று எல்லா மாறுதல் மாணவருக்கும் கட்டாயம்: தேர்ந்த துறைக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. சொந்தமாக எழுதிய நிரல், சக மாணவருக்குப் பாடம் சொல்லித் தந்தது, வேலை பார்த்த அனுபவம் போன்றவற்றுக்கு இடம் இங்கேதான். எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை யூ.சி. பார்ப்பதில்லை.

உத்தரவாதம் என்ற பெயரில் உள்ள திட்டங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களையும் ஜி.பி.ஏ.யையும் எட்டியவருக்கு முன்கூட்டியே இடம் உறுதி செய்யும் டேக் என்ற ஒப்பந்தத்தைத் தருகின்றன. செப்டம்பர் மாதத்தில், ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும் கேட்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. ஆறிலும்கூடக் கணினி அறிவியலுக்கு இது எல்லா இடத்திலும் கிடைக்காது. சான்டா பார்பராவில் அந்தத் துறை பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தது, பொறியியல் கல்லூரிக்கு டேக் இல்லை. இர்வைனும் கணினி அறிவியலை இதிலிருந்து விலக்கியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் கம்யூனிட்டி கல்லூரிகளின் ஆனர்ஸ் மாணவர்களுக்கு முன்னுரிமை தரும் டேப் திட்டத்தை நடத்துகிறது. அந்த முன்னுரிமை கலை அறிவியல் கல்லூரிக்கே உரியது, கணினி அறிவியலோ அங்கே பொறியியல் பள்ளியில் இருக்கிறது. இந்த விலக்குகள் ஆண்டுதோறும் மாறுபவை. மூத்த மாணவர் சொன்னதை நம்பாமல் நடப்பாண்டின் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு.

கால் ஸ்டேட்டுக்கு வேறொரு வழி உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மாறுதலுக்கான இணைப்பட்டத்தை முடித்தவருக்கு அந்த அமைப்பில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உறுதி. விரும்பிய வளாகம், விரும்பிய துறை என்ற உறுதி அதில் அடங்காது. சான் ஹோசே, சான் லூயிஸ் ஒபிஸ்போ போன்ற இடங்களில் கணினி அறிவியலுக்குக் கடும் போட்டி நிலவுவதால் அங்கே ஜி.பி.ஏ. தான் பேசும். ஆயினும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தை யூ.சி.க்கு அடுத்த ஆறுதல் பரிசாக நினைப்பது அறியாமை. வேலைச் சந்தை அப்படி நினைப்பதில்லை.

வேறு துறையில் நுழைந்து உள்ளே போனபின் கணினி அறிவியலுக்குத் தாவிவிடலாம் என்பது பழைய யோசனை. இப்போது பெரும்பாலான வளாகங்களில் அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. பெர்க்லியில் 2023 முதல் விண்ணப்பிக்கும்போதே இந்தத் துறையைக் கேட்டாக வேண்டும். அதே ஆண்டில் உருவான கணிமை, தரவு அறிவியல், சமூகக் கல்லூரியின் கீழ் அது இப்போது இயங்குகிறது. மாற்றுத் துறை எழுத விரும்புபவர் தரவு அறிவியல், பயன்பாட்டுக் கணிதம், அறிதிறன் அறிவியல் போன்றவற்றை, கடைசி வரை அதிலேயே படிக்கும் மனத்தோடு தேர்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் நேராகக் கம்யூனிட்டி கல்லூரிக்குச் செல்பவருக்குச் சில கணக்குகள் மாறும். 46 டாலர் கட்டணத்தோடு அவருக்கு முடியாது, அதற்கு மேல் வெளியாருக்கான கட்டணமும் சேர்ந்து பல மடங்கு ஆகும். ஒவ்வொரு பருவத்திலும் 12 யூனிட்டுக்குக் குறையாமல் படித்தாக வேண்டும் என்பதால், கடினமான வகுப்பிலிருந்து நினைத்தபடி விலகவும் முடியாது.

யூ.சி. முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வரும். சேர்வதை ஜூன் 1க்குள் உறுதி செய்ய வேண்டும். கிடைத்த இடம் நிபந்தனைக்கு உட்பட்டது. வசந்தப் பருவத்துக்கென்று சொன்ன பாடத்தைச் சொல்லாமல் கைவிட்டாலோ அதில் தோற்றாலோ சேர்க்கை ரத்தாகலாம். மாற்றம் எதுவானாலும் வளாகத்துக்கு உடனே எழுதித் தெரிவிப்பவருக்குப் பெரும்பாலும் வழி பிறக்கும். இறுதி மதிப்பெண் சான்று ஜூலைத் தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும். இடம் கிடைக்காதவர் மூன்றாம் ஆண்டும் கம்யூனிட்டி கல்லூரியில் இருந்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். 70 யூனிட்டுக்கு மேல் போனாலும் கம்யூனிட்டி கல்லூரியில் மட்டும் படித்தவரை யூ.சி. அதற்காக நிராகரிப்பதில்லை, கூடுதல் யூனிட் எண்ணிக்கையில் சேராது, படித்த பாடம் மட்டும் கணக்கில் நிற்கும். அந்த ஓராண்டை விட்டுப்போன முன்பாடங்களுக்குச் செலவிட்டவரின் இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைவிடக் கனமாக இருக்கும்.