நாக்கைக் கறுப்பாக்கும் காட்டுப்பழத்தில் என்ன சத்து?

ஜார்ஜ்டவுன் பேரங்காடிகளின் குளிர்ப்பெட்டியில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்கப்படும் பிளாக்பெர்ரி, பெரும்பாலும் கடல் கடந்து வருவது. விலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்பவர்களே அதிகம். ஆனாலும் 'ரத்தம் ஊறும், சர்க்கரை இறங்கும், புற்றுநோய் அண்டாது' என்று வாட்சாப்பில் சுற்றும் பெருமைகளுக்குக் குறைவில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் காட்டில் கிடைக்கும் கறுத்த பழம் புதிதல்ல. பால்மரக் காட்டோரத்திலும் மேட்டு நிலத்திலும் ஊதாப் பூவோடு நிற்கும் செண்டுடுக் செடியை அறியாதவர் அங்கு இருக்க மாட்டார்கள். அதன் காய் பழுத்ததும் தானே வெடித்து, கருநீலச் சதையும் பொடிப்பொடி விதைகளும் வெளியே தெரியும். அதைத் தின்றுவிட்டு இல்லை என்று சாதிக்க முடியாது; நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். செடியின் அறிவியல் பெயரான 'மெலஸ்டோமா' என்பதற்கே கிரேக்க மொழியில் 'கறுப்பு வாய்' என்றுதான் பொருள். மணற்பாங்கான இடங்களில் வளரும் கெமுந்திங் இன்னொரு வகை. நீலகிரியில் தவிட்டுப்பழம் என்று விற்கப்படுவதும் அதுவே.

முதலில் பிளாக்பெர்ரியின் கணக்கைப் பார்க்கலாம். 100 கிராம் பழத்தில் சுமார் 43 கலோரி, 5 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நார்ச்சத்து, 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை, 21 மில்லிகிராம் விட்டமின் சி. அதே அளவு வாழைப்பழத்தில் சர்க்கரை சுமார் 12 கிராம், நார்ச்சத்து அதில் பாதிதான். நாவல் பழத்தில் 60 கலோரியும், 14 மில்லிகிராம் விட்டமின் சியும் உண்டு. பிளாக்பெர்ரியின் உண்மையான பலம் நார்ச்சத்துதான். விட்டமின் சி மட்டும் வேண்டுமென்றால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கொய்யாவில் அது பல மடங்கு அதிகம். அதற்காக அமெரிக்கப் பழத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்தப் பழங்களுக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்ற சாயப்பொருள். புளிப்பில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும் குணம் அதற்கு உண்டு. நாவல் கறை பட்ட பள்ளிச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை நீலமாகப் பரவுவது இதனால்தான். ஆய்வுக்கூடக் குழாயில் இது செல்களைக் காக்கும் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் சாப்பிடும்போது அதில் சிறு பங்குதான் அப்படியே ரத்தத்தில் கலக்கிறது. எனவே நல்ல உணவு என்று சொல்லலாம், புற்றுநோய் மருந்து என்று சொல்ல முடியாது. பழத்தை வடிகட்டிச் சாறாக்கினால் நார்ச்சத்தும் போய்விடும். சீனியில் ஊறவைத்து ஜெருக் ஆக்கினால் பழத்தைவிடச் சீனிதான் மிஞ்சும்.

'கறுத்த பழம் ரத்தம் ஊறச் செய்யும்' என்பதும் நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. 100 கிராம் பிளாக்பெர்ரியில் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. நாவலிலும் செண்டுடுக்கிலும் நாக்கை இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அது உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கும் பொருள். ரத்தசோகை உள்ள பெண்கள் இரும்பு மாத்திரையோடு சேர்த்து இதைச் சாப்பிடாமல், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது.

காட்டுப்பழத்தில் சத்தைவிட முக்கியமான கேள்வி, அது எங்கே விளைந்தது என்பது. செம்பனை வரிசைகளுக்கு இடையில் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். பாராகுவாட் என்ற கொடிய மருந்தை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் அதைத் தெளித்தவர்களில் தோட்டப் பெண்கள் ஏராளம். அவர்களின் பாதிப்பை 2002ஆம் ஆண்டிலேயே தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் அறிக்கையாக வெளியிட்டன. பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. மருந்து அடித்த இடத்தில் சில நாள்களுக்குச் செடி பச்சையாகவே நிற்கும், பழமும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆகவே தோட்டத்துக்குள்ளும் சாலையோரத்திலும் பறிக்காமல் இருப்பதே சரி. வீட்டு வேலியில் விளைந்ததாக இருந்தாலும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தரையில் விழுந்ததை விட்டுவிட வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் நோய் இந்நாட்டில் சாதாரணம்.

குழந்தைகள் மாற்றிப் பறித்துவிடக்கூடிய செடி ஒன்றும் இருக்கிறது. பல நிறப் பூக்களைக் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடிக்கும் கறுத்த பழங்கள்தான். அதன் பச்சைக் காய் நஞ்சு. செண்டுடுக் இலையைக் கொதிக்க வைத்து வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் பழக்கம் மலாய்க் கிராமங்களில் உண்டு. ஆனால் அந்தச் செடி மண்ணிலுள்ள அலுமினியத்தை இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களால் அலுமினியத்தை வெளியேற்ற முடியாது. அவர்கள் அந்தக் கஷாயத்தைத் தொடவே கூடாது.

இனி நாவல் கொட்டைப் பொடி. லிட்டில் இந்தியா கடைகளில் சர்க்கரை நோய்க்கென்று பலர் தேடி வாங்குவது இதைத்தான். தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும் 2023இல் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் தேசிய சராசரியைவிட மிக அதிகம். அதனால் இது வெறும் பாட்டி வைத்தியப் பேச்சாக நின்றுவிடுவதில்லை. எலிகளில் நாவல் கொட்டை சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். பிரேசிலில் நாவல் இலைத் தேநீரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கவில்லை.

பொடியை நம்பி மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ நிறுத்துவதுதான் ஆபத்து. உடம்பில் ஒன்றும் தெரியாமலே கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடும். மாத்திரையோடு பொடியையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரவும் வாய்ப்புண்டு. சில 'பாரம்பரிய' பொடிகளில் ஆங்கில மருந்தை ரகசியமாகக் கலந்து விற்றது பிடிபட்டிருக்கிறது. 'தின்ற மறுநாளே இறங்கியது' என்ற பேச்சைக் கேட்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது.

பாட்டிலில் 'மால்' என்ற மூன்று எழுத்தும் எண்களும் இறுதியில் 'டி' எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிவெண் இருந்தால் கலப்படச் சோதனை நடந்திருக்கிறது என்று பொருள். நோயைக் குணமாக்கும் என்று பொருள் அல்ல. அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பையோடு அந்தப் பொடியையும் கொண்டுபோய், எத்தனை கரண்டி, எத்தனை வேளை என்று மருந்தாளரிடம் மறைக்காமல் சொன்னால், மாத்திரையின் அளவைச் சரிபார்க்க அவருக்கு உதவும்.