ஓடத்தடிப் பூச்சு

கடலில் நிற்கும் ஓடத்தின் அடியில் முதலில் வழுவழுப்பான பாசியும், பின்னர்ச் சுண்ணாம்பு ஓடுடைய கொட்டலசும் பற்றிக்கொள்ளும். அதனால் வேகம் குன்றும். எரிபொருட் செலவு மிகும். இதனைத் தடுக்கும் பூச்சைத் தேர்ந்து பேணும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

செம்பே இதற்குப் பழைய மருந்து. 1761-ல் ஆங்கிலேயர் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலுக்குச் செப்புத்தகடு வேய்ந்தனர். செம்பு உப்புநீரிற் கரைந்தழிவதைத் தடுக்க எண்ணிய ஹம்ப்ரி டேவி, 1824-ல் அதனோடு இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார். செம்பு பிழைத்தது, ஆனாற் கொட்டலசு திரும்பி வந்தது. செம்பு கரைவதே ஓடத்துக்குக் காவல் என்பது இதனாற் புலப்பட்டது.

இக்காலப் பூச்சுக்களிற் பெரும்பாலானவை செம்பின் ஆக்ஸைடு கலந்தவை. கடினப் பூச்சு தேய்த்துக் கழுவுதலைத் தாங்கும், விரைவோடங்களுக்கு ஏற்றது. தேய்பூச்சோ ஓட்டத்தில் மெல்லத் தேய்ந்து புதுமுகங் காட்டும். அடிக்கடி செல்லும் ஓடங்களுக்கு உகந்தது. அலுமினிய ஓடத்துக்குச் செப்புப் பூச்சு ஆகாது. மின்னரிப்பினால் உலோகம் குழிபடும்.

தேய்பூச்சின் முதற்படலத்தை வேறு நிறத்தில் இடுவோமாயின், அந்நிறம் தோன்றும்போது மறுபூச்சுக்குக் காலம் வந்ததென அறியலாம். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானிலும் ஒரு படலம் மிகுதியாகப் பூசுதல் நன்று. பழம்பூச்சை உலர்ந்தபடி தேய்த்தல் தகாது. அதன் தூசி நஞ்சு. நனைத்துத் தேய்த்து, கழிவைக் கடலில் விடாது திரட்டியெடுத்தல் வேண்டும்.

வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த பூச்சு மிக வலியதாயினும், பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவிற் சிப்பி வளர்ப்பையே கெடுத்தது. 1982-ல் அந்நாடு சிற்றோடங்களுக்கு அதனை விலக்கியது; 2008-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை கப்பல்களுக்கும் அதனைத் தடுத்தது. ஓடத்தைக் காக்கும் நாம், அதனைத் தாங்கும் கடலையும் காத்தல் கடனன்றோ?