ராணி எறும்பு வளர்ப்போர் கவனத்திற்கு

மழை விட்ட மாலையில் தெருவிளக்கடியில் இறக்கை உதிர்த்து ஓடுவதெல்லாம் ராணி எறும்பு அல்ல. உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் பிள்ளைகள் ராணி என்று நம்பிப் பாட்டிலில் அடைப்பது பல நேரம் ஈசலைத்தான். ஈசல் கரையான் இனம். அதற்கு இடுப்பு ஒடுங்கியிராது. உணர்கொம்பு நேராக இருக்கும். நான்கு இறக்கைகளும் ஒரே நீளம். எறும்புக்கு இடுப்பு மிக மெல்லியது. உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும். முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளம்.

அடுத்த குழப்பம் கட்டெறும்பில் வருகிறது. பெருந்தலை வேலைக்காரியை ராணி என்று எடுத்து வருகிறார்கள். பார்க்க வேண்டியது தலையை அல்ல, மார்பை. பறப்பதற்கான தசை இருந்ததால் ராணியின் மார்பு திரண்டு, மேல்புறம் புடைத்திருக்கும். அதன் இரு பக்கமும் இறக்கை கழன்ற தழும்பு தெரியும். வயிறும் பெரிது. சிறுதலையும் இறக்கையுமாக இருப்பது ஆண். சில நாளில் இறந்துவிடும். இறக்கை உதிர்க்காத பெண் எறும்பு இன்னும் இணை சேராததாக இருக்கலாம். அதன் முட்டையிலிருந்து வேலைக்காரிகள் வருவதில்லை.

புற்றைத் தோண்டி ராணியை எடுக்கவே கூடாது. ராணியை இழந்த கூட்டம் மெல்ல அழியும். பறந்து முடித்துத் தரையில் தனியாக ஓடுவதை மட்டுமே எடுக்கலாம்.

வளர்ப்புக்கு ஒரு டெஸ்ட் டியூப் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை அது நனையும்வரை தள்ளி அடைக்க வேண்டும். தண்ணீர் கசியக் கூடாது. ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, இருட்டில் வைக்க வேண்டும். கட்டெறும்பு ராணிக்கு இந்தக் கட்டத்தில் தீனி தேவையில்லை. கரையும் இறக்கைத் தசையே அதற்கும் குஞ்சுகளுக்கும் உணவு. தேன் வைத்தால் பூஞ்சைதான் வரும். தினமும் எடுத்துப் பார்த்தால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முதல் வேலைக்காரிகள் வரும். அதன்பின் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டும், பூச்சித் துணுக்கும் தரலாம். மருந்தடித்துச் செத்த பூச்சி வேண்டாம்.

நெருப்பெறும்பு பிள்ளைகள் கையாளக் கூடியதல்ல. கடித்தபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இனி சட்டம். வயலோரக் கட்டெறும்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் அட்டவணைகளில் இல்லை. ஆனால் எடுத்த இடம் முக்கியம். அருகிலுள்ள வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியோடு முடிவதில்லை. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை, பட்டா நிலம் உட்பட, சரணாலயமே. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றி அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துச் செல்லப் பிரிவு 29 தடை விதிக்கிறது. பிரிவு 51இன்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எறும்புதானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

விற்பனை அடுத்த பொறி. கென்யாவில் 2025 ஏப்ரலில் சுமார் 5,000 ராணி எறும்புகளுடன் பெல்ஜிய இளைஞர் இருவர் பிடிபட்டனர். அவர்கள் கையில் இருந்ததும் பஞ்சடைத்த குழாய்களே. மே மாதம் தலைக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் 12 மாதச் சிறை என்று தீர்ப்பானது. இந்தியாவில் வெளிநாட்டவர் ஆய்வுக்கோ வணிகத்துக்கோ உயிரின வளத்தைப் பெற, சென்னை தரமணியிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இது பல்லுயிர்ச் சட்டம் 2002, பிரிவு 3. மீறினால் 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டு எறும்பை வரவழைப்பதும் அவ்வளவு எளிதல்ல; ஃபரிதாபாத்திலுள்ள மத்தியப் பயிர்ப் பாதுகாப்பு இயக்ககத்தின் இறக்குமதி அனுமதி இல்லாமல் உயிருள்ள பூச்சி உள்ளே வரக் கூடாது. கூரியரில் வந்துவிட்டது என்பது அனுமதி ஆகாது.

ஊரில் யாராவது எறும்பை மொத்தமாக வாங்க வந்தால் கேட்க வேண்டிய இடம், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர்ச் சட்டத்தின் பிரிவு 41இன்படி இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு. குழு காகிதத்தில் மட்டும் இருப்பதாகத் தெரிந்தால், “அப்படி ஒன்று இங்கே இல்லை” என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உத்திரமேரூர் வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். குழு உறுப்பினர் பட்டியல், கூட்டத் தீர்மானங்கள், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டின் நகல் ஆகிய மூன்றையும் தனித்தனி எண்ணிட்டுக் கேட்க வேண்டும். மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)இன்படி முதல் மேல்முறையீடு. திங்கள்கிழமை காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. சீட்டு இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

வளர்க்க முடியாமல் போனால் ராணியை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். வேறு ஊரில் விடக் கூடாது. வெளியூர், வெளிநாட்டு இனமாக இருந்தால் எங்கேயும் விடக் கூடாது. டியூபோடு ஃப்ரீசரில் வைத்து முடித்துவிடுவதே முறை.