எழுதுகோற் கணினியைத் தெரிந்தெடுக்குமாறு

ஓவியம் எழுதுவோர்க்குக் கைப்பழக்கமே முதல். கருவி அதற்கடுத்தது என்பர். எனினும், கருவி கோணிற் கைப்பழக்கமும் கோணும் என்பதனை யாம் எம் நண்பரொருவர் பட்ட இடரால் அறிந்தோம். அவர் ஓவியத்தினும், கணினியில் முப்பரிமாண உருவமைக்குங் கலையினும் வேட்கை மிக்கவர். தம் அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணங்கொண்டு, எழுதுகோலொடு கூடிய கைக்கணினியொன்றை வாங்கினார். விளம்பரத்திற் கண்ட பேரெண்களை நம்பினாரேயன்றி, வாங்குமுன் ஒரு கோடேனும் வரைந்து பார்த்தாரல்லர். அவர் அதில் மெல்ல இழுத்த கோடுகளெல்லாம் நடுங்கின. தம் கையே கெட்டதெனக் கருதி, வரைதலையே விட்டொழிக்கத் துணிந்தார். பின்னொருநாள் கடையொன்றில் வேறொரு கணினியின் திரைமீது அதே கோட்டை இழுத்தார். கோடு நேராக நின்றது. கெட்டது கையன்று, கருவியே என்பது அன்றுதான் விளங்கிற்று. இவ்விடர் பிறர்க்கும் நேராமைப் பொருட்டு, இத்தகைய கணினியைத் தெரிந்தெடுக்குமாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

திரைமீது கோல்கொண்டு வரைதல் புதுவதன்று. 1963-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வு மாணாக்கரான ஐவன் சதர்லண்டு என்பார், ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை இயற்றி, ஒளிக்கோலாற் கணினித் திரையில் வரைந்து காட்டினார். அந்நாளைய கணினி அறையை அடைத்து நிற்பது. இந்நாளையதோ பையினுள் அடங்குவது.

இக்காலத்துக் கோல்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகையில், திரையின் கீழுள்ள கம்பிப் பரப்பு மின்காந்தப் புலத்தை எழுப்பும். கோலினுள் இருக்குஞ் சுருள் அப்புலத்தினின்றே ஆற்றலைப் பெற்று, மறுமொழி தரும். ஆதலின் அக்கோலுக்கு மின்கலம் வேண்டா. ஜப்பானிய நிறுவனமான வேக்கம் இம்முறையாற் புகழ்பெற்றது. மற்றொருவகைக் கோல் தன்னகத்தே மின்கலமுடையது. தானே குறிகளை எழுப்பித் தொடுதிரைக்கு அறிவிப்பது. 2015-இல் வெளிவந்த ஆப்பிள் பென்சில் இவ்வகையினது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சர்ஃபேஸ் புரோ 2013-இல் முதன்முதல் வெளிவந்த ஞான்று முதல்வகைக் கோலையும், 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இரண்டாம் வகைக் கோலையும் உடையதாயிற்று. பெயர் ஒன்றாயினும் ஆண்டு வேறாயிற் கோலும் வேறாகலாம் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, பிறர் புகழ்ந்த கணினியும் நாம் வாங்குங் கணினியும் ஒன்றேதானா என்று முதற்கண் தெளிதல் வேண்டும்.

இனி, கோலை ஆராயுமாறு கூறுவாம். விளம்பரங்கள் 4096, 8192 என அழுத்தப் படிகளின் தொகையைப் பெரிதாக எடுத்தோதும். வரைவோனுக்கு அதனினும் வேண்டப்படுவது, எத்துணை மெல்லிய தொடுகையை அக்கோல் உணரும் என்பதே. கோலை அழுத்தாது, அதன் எடை மட்டும் திரையிற் படுமாறு இழுத்துப் பார்க்க. கோடு தோன்றின் நன்று. அடுத்து, அடிக்கோலொன்றைத் திரையில் மெல்ல வைத்து, சாய்கோட்டை மிக மெதுவாக வரைக. அஃது அலைபோல் நெளியுமாயின், மெல்லென வரையுந்தோறும் அந்நெளிவு தொடரும். விரைந்து வரையின் இக்குறை மறைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. பின்னர், மெலிதாய்த் தொடங்கித் தடித்து மீண்டும் மெலியும் கோட்டை வரைக. கோலின் நுனிக்கும் கோடு தோன்றும் இடத்துக்கும் இடைவெளி உண்டோ எனத் திரையின் நடுவிலும் ஓரங்களிலும் நோக்குக. உள்ளங்கை திரையிற் படுங்கால் வேண்டாத கோடுகள் வீழ்கின்றனவோ என்றும் காண்க. இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். அப்பத்து நிமிடத்தையே எம் நண்பர் செலவிடாது போயினர்.

நிற்க. ஓவியத்திற்குக் கோல் முதலாயினாற்போல, உருவமைத்தற்கு நினைவகமும் வரைவியற் செயலியும் முதலாவன. ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். கனசதுரத்திற்கு முகங்கள் 6. உருவை நுணுக்கும்பொருட்டு ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பகுப்பின் 24. மீண்டும் பகுப்பின் 96. ஐந்தாம் முறையில் 6,144 ஆகும். பத்தாம் முறையிலோ 62,91,456 ஆகும். இத்துணை முகங்களையும் கணினி நினைவில் வைத்து, நாம் திருப்புந்தோறும் திருப்பிக் காட்டல் வேண்டும். பிளெண்டர் என்னும் நிரலின் நான்காம் வரிசைக்கு 8 ஜிகாபைட் நினைவகம் இன்றியமையாதது என்றும், 32 இருத்தல் நன்றென்றும் அதனை ஆக்குவோரே கூறுவர். மெல்லிய கணினிகளுட் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலின், பின்னர்ச் சேர்த்தல் இயலாது. வாங்கும் நாளிற் செய்த பிழை கணினியுள்ளளவும் நிற்கும். மேலும், மெல்லிய உடல் வெப்பத்தை விரைவில் வெளியேற்றாது; வெப்பம் மிகின் செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகலின், கணினி சிறிது நேரம் உழைத்த பின்னரே அதன் திறத்தை மதித்தல் முறை.

எந்நிரலைக் கொண்டு தொழில் செய்யப் போகின்றோம் என்பதும் முன்னரே துணியற்பாலது. ஐபேட் கணினியிற் புரோகிரியேட், நோமட் ஸ்கல்ப்ட் முதலியன இயங்கும். ஸீபிரஷ் என்னுஞ் சிற்ப நிரலும் 2024-இல் அதற்கு வந்தது. ஆயினும், மேசைக் கணினிக்கென அமைந்த நிரலனைத்தும் கைக்கணினியில் அவ்வாறே இயங்குமெனக் கொள்ளற்க. பிளெண்டரும், ஓவியத்திற்குரிய கிரிட்டாவும் விலையின்றிக் கிடைப்பன. அவற்றாற் பொருள் குறைந்த மாணவர்க்கு நிரற்செலவு மிச்சமாகும்.

அங்ஙனம் மிஞ்சியும் பொருள் போதாதாயின் என் செய்வது? மடிக்கணினியொன்றும், திரையில்லா வரைபலகையொன்றும் தனித்தனியே வாங்கலாம். ஒன்று பழுதுறினும் மற்றொன்று பிழைக்கும். கை பலகையிலும் கண் திரையிலும் இருத்தல் முதலில் இடர்ப்பாடே. ஆயின், ஓலையில் எழுத்தாணி கீறிய எழுத்து மை தடவிய பின்னரே நன்கு விளங்கும். அங்ஙனமாகவும் நம் முன்னோர் கை தடுமாறிற்றில்லை. பழக்கம் எதனையும் எளிதாக்கும்.

எம் நண்பரும் தம் கணினியைப் பாதி விலைக்கு விற்று, இவ்வழியையே மேற்கொண்டார். இப்பொழுது நம் கல்லூரிக் கோயிலின் மணிக்கூண்டை உருவமைத்து வருகின்றார். அதன் முதற் கோட்டுருவைத் தம் அன்னையார்க்கே காட்டினார்; அதிற் கோடொன்றும் நடுங்கவில்லை. கருவி வாங்கப் புகும் நண்பர்காள்! எண்களைப் படிக்குமுன் ஒரு கோடு வரைந்து பாருங்கள். கருவியின் குற்றத்தை உங்கள் கையின் குற்றமாக ஒருநாளும் எண்ணாதீர்கள்.